பொருள் எங்கிருந்து வருகிறது? வேறுபாடும் மாற்றமும் செய்யும் வேலை

"இருள் இருந்தால்தான் வெளிச்சத்தின் அருமை தெரியும்." "துன்பமே இல்லாவிட்டால் இன்பத்துக்கு ஏது அர்த்தம்?" இப்படிப்பட்ட வரிகளை நாம் அடிக்கடி கேட்கிறோம். தத்துவம் பேசும்போதும் வரும், ஆறுதல் சொல்லும்போதும் வரும், காலை வணக்கப் படங்களின் அடியில்கூட வரும். வேறுபாட்டிலிருந்துதான் பொருள் பிறக்கிறது என்ற கருத்து பலருக்கும் இந்த உருவத்தில்தான் அறிமுகமாகியிருக்கிறது.

கருத்தில் தவறில்லை. ஆனால் அதை இப்படிச் சொல்லிப் பழகியதால் மூன்று தப்பெண்ணங்களும் கூடவே ஒட்டிக்கொண்டுவிட்டன. முதலாவது, வேறுபாடு என்றாலே எதிரும் புதிருமான இரண்டு என்று நினைத்துக்கொள்வது. இரண்டாவது, வேறுபாடு இருந்தால் போதும், பொருள் தானாக வந்துவிடும் என்று நம்புவது. மூன்றாவது, எல்லாமே ஒப்பீடுதான் என்றால் எதற்கும் நிலையான பொருள் கிடையாது என்று தீர்ப்பு எழுதிவிடுவது. மூன்றுமே சரியில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் பழமொழிகளை ஓரமாக வைத்துவிட்டு, இது உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்று கீழிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

பொருள் என்ற சொல்லை எந்தக் கணக்கில் பயன்படுத்துகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஒலியோ, குறியோ, சொல்லோ, அதைப் பெறுபவரின் எதிர்பார்ப்பையோ அடுத்த செயலையோ மாற்றுமானால் அதற்கு அவரிடத்தில் பொருள் உண்டு. தத்துவப் பேராசிரியர்கள் இதற்கு உடனே பத்து ஆட்சேபம் எழுப்புவார்கள். இருந்தாலும் தொடங்குவதற்கு இது போதும்.

நின்றபிறகு கேட்கும் சத்தம்

மின்விசிறி ஓடும் அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் அதன் சத்தம் காதில் விழாமல் போய்விடும். திடீரென்று மின்சாரம் நிற்கிறது. உடனே தலையை நிமிர்த்துகிறீர்கள். நிமிர வைத்தது எது? அந்த நொடியில் அறையில் எந்தச் சத்தமும் இல்லையே! இருந்த ஒன்று நின்றது, அவ்வளவுதான். ஒலி இருந்தபோது கேட்காத காது, அது நின்றதும் விழித்துக்கொள்கிறது.

இதை ஆய்வகத்திலும் பார்க்கலாம். ஃபின்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ரிஸ்டோ நாட்டானெனும் அவருடைய குழுவினரும் 1978-இல் ஒரு மூளை அலையைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு ஒரே மாதிரியான 'பீப்' ஒலியை விடாமல் கேட்க வைக்கிறார்கள். நடுவே எப்போதாவது சற்றே மாறுபட்ட ஒரு பீப் வருகிறது. கேட்பவர் அதைக் கவனிக்கவே வேண்டாம், கையில் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருக்கலாம். ஆனாலும் அந்த மாறுபட்ட ஒலி வந்து கால் விநாடிக்குள் தலையில் பொருத்திய மின்முனைகளில் தனியான ஓர் அலை பதிவாகிறது. சுவாரசியம் அடுத்த படியில்தான் இருக்கிறது. அதே 'மாறுபட்ட' ஒலியையே திரும்பத் திரும்ப வாசித்தால் அந்த அலை வருவதில்லை. ஆக, அந்த அலை எந்த ஒலிக்கும் சொந்தமானதல்ல. இதுவரை வந்துகொண்டிருந்ததிலிருந்து விலகியது என்பதற்குத்தான் அது சொந்தம்.

ஒரு பாக்டீரியாவின் கணக்கு

இந்த விஷயத்தை விளக்குபவர்கள் வழக்கமாகக் கண்ணிலிருந்தோ மொழியிலிருந்தோ தொடங்குவார்கள். எனக்குப் பாக்டீரியாவிலிருந்து தொடங்குவதுதான் பிடிக்கும். மூளை இல்லை, நரம்பு இல்லை, ஒற்றைச் செல். ஒளித்து வைக்க அதில் இடமே இல்லாததால் முழு இயந்திரமும் கண்முன் தெரிகிறது.

சால்மொனெல்லா, ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்கள் சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம். தலைக்கு வால் வைத்து வரிசையாக 500-ஐ அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் வரும். நீரில் இவை நீந்தும் விதம் விசித்திரமானது. ஏறக்குறைய ஒரு விநாடி நேராக ஓடும். அப்புறம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தடுமாறிப் புரளும். புரண்டதில் எந்தத் திசை வாய்க்கிறதோ அந்தத் திசையில் மறுபடி ஓடும். திசையைத் தேர்ந்தெடுக்க அதனால் முடியாது. முடிவது ஒன்றே ஒன்று: நிலைமை மேம்பட்டுக்கொண்டிருந்தால் புரள்வதைத் தள்ளிப்போடலாம். உணவு கூடிக்கொண்டே போகும் திசையில் ஓட்டம் நீளும், மற்றத் திசைகளில் அப்படி நீளாது. இந்த ஒரே தந்திரத்தால் அது உணவு இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சரி, நிலைமை மேம்படுகிறது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? இரண்டு வழிகள் சாத்தியம். தன் முன்முனையில் இருக்கும் உணவின் அளவைப் பின்முனையில் இருப்பதோடு ஒப்பிடலாம். அல்லது, இப்போதைய அளவைச் சற்று முன்பிருந்த அளவோடு ஒப்பிடலாம். 1972-இல் ராபர்ட் மாக்னாப், டேனியல் கோஷ்லாண்ட் இருவரும் இதற்கு ஓர் எளிய சோதனை செய்தார்கள். சால்மொனெல்லா இருந்த திரவத்தில் அதற்குப் பிடித்த பொருளைச் சட்டென்று கலந்து, எல்லா இடத்திலும் அளவு ஒரே சீராக உயரும்படி செய்தார்கள். இப்போது முன்னும் பின்னும் ஒரே அளவுதான். முனைகளை ஒப்பிடும் உயிரி என்றால் அதற்கு எந்த மாற்றமும் தெரிந்திருக்கக் கூடாது. ஆனால் பாக்டீரியாக்கள் புரள்வதை நிறுத்திவிட்டு நேராக ஓடத் தொடங்கின. ஏதோ நல்ல இடத்தை நோக்கிப் போவதைப் போல!

போகப் போக அவை பழையபடி புரளத் தொடங்கிவிட்டன. உணவு குறையவில்லை, உயர்ந்த அளவிலேயே இருந்தது. உயர்ந்த அளவு வழக்கமாகிவிட்டது, அதனால் அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

செல்லின் மேற்பரப்பில் உணவு மூலக்கூறுகளைப் பிடிக்கும் உணர்விகள் இருக்கின்றன. அவற்றின்மேல் சின்னச் சின்ன வேதி ஒட்டுகள் மெதுவாகச் சேரும், மெதுவாகக் கழலும். உணவு கூடினால் உணர்வி உடனே அதைக் காட்டிவிடும். ஒட்டுகள் சில விநாடி தாமதமாக வந்துதான் அந்தக் கூடுதலை ஈடுகட்டும். ஆகவே ஒட்டுகளின் எண்ணிக்கை என்பது சற்று முன் இருந்த நிலையின் பதிவு. உணர்வி 'இப்போது' என்கிறது, ஒட்டுகள் 'அப்போது' என்கின்றன. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் வாலைச் சுழற்றும் மோட்டாருக்குப் போகும் உத்தரவு. நிலையாக இருப்பதை இப்படிக் கணக்கிலிருந்து கழித்துவிடும் வேலைக்குத் தகவமைவு என்று பெயர். மின்விசிறிச் சத்தத்தை மறக்கடித்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான், கருவி மட்டும் வேறு.

கண்ணும் இதைத்தான் செய்கிறது

ஒரு சோதனை. வெள்ளைத் தாளின் நடுவில் பேனாவால் அழுத்தமான ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து மூன்று விரல் தள்ளிப் பென்சிலால் மிக லேசாகத் தேய்த்து, விளிம்பு தெரியாத ஒரு மங்கல் திட்டு உண்டாக்குங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியையே அசையாமல் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் அந்தத் திட்டு கரைந்து தாளோடு தாளாகிவிடும். கண்ணை லேசாக அசைத்தால் திரும்ப வந்துவிடும். சுவிட்சர்லாந்து மருத்துவர் ட்ராக்ஸ்லர் 1804-இல் இதைப் பற்றி எழுதினார்.

நாம் ஒரே இடத்தை உற்றுப் பார்ப்பதாக நினைக்கும்போதும் கண் நுண்ணிய அசைவுகளில் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. 1950-களில் ஆய்வாளர்கள் இந்த அசைவைத் துல்லியமாக ஈடுசெய்து, விழித்திரையில் பிம்பம் நகராதபடி செய்து பார்த்தார்கள். சில விநாடிகளில் படம் மங்கி மறைந்துபோனது. இதற்கு எல்லோரும் சுமந்து திரியும் ஒரு சாட்சியும் உண்டு. விழித்திரையின் ஒளி உணரும் செல்களுக்கு முன்னால் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றின் நிழல் எப்போதும் அந்தச் செல்கள்மீது விழுந்துகொண்டிருக்கிறது. கண்ணோடு சேர்ந்தே நகர்வதால் அது நமக்குத் தெரிவதே இல்லை. கண் மருத்துவர் பக்கவாட்டிலிருந்து ஒளியை அசைக்கும்போது சில சமயம் இலையில்லாத மரம்போல ஒன்று தெரியுமே, அதுதான் அந்தக் குழாய்களின் நிழல்.

காலத்தில் ஒப்பிடுவதோடு கண் நின்றுவிடுவதில்லை, பக்கத்து இடத்தோடும் ஒப்பிடுகிறது. பூனையின் விழித்திரையை ஆராய்ந்த ஸ்டீஃபன் குஃப்ளர் 1953-இல் காட்டியது இது: அங்குள்ள பல நரம்புச் செல்கள், நடுவில் விழும் ஒளியைச் சுற்றிலும் விழும் ஒளியோடு எதிரெதிராக நிறுத்திப் பார்க்கின்றன. இரண்டும் சமமாக இருந்தால் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. மூளைக்கு விழித்திரை அனுப்புவது வெளிச்சத்தின் அளவை அல்ல, பெரும்பாலும் விளிம்புகளைத்தான்.

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்துக்கொள்வோம். நாம் பார்த்த உணரும் கருவி எதுவானாலும், மாறாமல் இருப்பதை அது சீக்கிரம் மறந்துவிடுகிறது. சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டுமானால் இப்போதுக்கும் முன்புக்கும், அல்லது இங்கேக்கும் பக்கத்துக்கும் இடையில் ஓர் இடைவெளி வேண்டும்.

எதிர்ப்பதம் வேண்டாம், மாற்று போதும்

இனி மொழிக்கு வருவோம். முதல் தப்பெண்ணம் உடைவது இங்கேதான்.

வலி, வளி, வழி. மூன்றுக்கும் பொருள் வேறு, ஆனால் மாறுவது ஒரே ஒரு மெய்தான். லகரத்துக்கு எதிர்ப்பதம் ளகரமா, ழகரமா? கேள்வியே பொருந்தவில்லை. அவை எதிரிகள் அல்ல. ஒரே நாற்காலியில் உட்காரக்கூடிய, ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே உட்கார முடிகிற ஆட்கள். 'வழி' என்று சொன்னால் அந்த இடத்தில் லகரமும் ளகரமும் வந்திருக்கலாம், வரவில்லை என்ற செய்தியும் அதில் சேர்ந்தே வருகிறது. இப்படி ஓர் இடத்துக்கு வரக்கூடியவற்றை மாற்றுகள் என்று அழைப்போம். பொருளுக்குத் தேவை எதிர்ப்பதம் அல்ல, மாற்றுகளின் ஒரு கூட்டம். அதில் இரண்டு இருக்கலாம், மூன்று இருக்கலாம், ஆயிரமும் இருக்கலாம்.

இதன் மறுபக்கம் இன்னும் வியப்பானது. கல், தங்கம், அகம் ஆகிய மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் ககரம் தொண்டை அதிராமல் வெடித்து வருகிறது. இரண்டாவது அதிர்வோடு வருகிறது. மூன்றாவதில் காற்று உரசி, ஏறக்குறைய ஹகரம் மாதிரி ஆகிவிடுகிறது. மூன்றும் உண்மையில் வேறு வேறு ஒலிகள். ஆனால் தமிழ் பேசுபவர் காதுக்கு ஒன்றே, எழுத்தும் ஒன்றே. எங்கே எது வரும் என்பதைச் சொல்லில் அதற்குக் கிடைத்த இடமே தீர்மானித்துவிடுவதால், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டு வேறு சொல்லை உண்டாக்க முடிவதில்லை. (கடன்சொற்கள் புகுந்து இந்த ஒழுங்கைக் கொஞ்சம் கலைத்துவிட்டன, அது வேறு கதை.) சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக்காட்டும் ஒலிக்கு மொழியியலில் ஒலியன் என்று பெயர். லகரமும் ளகரமும் தமிழில் தனித்தனி ஒலியன்கள். ககரத்தின் மூன்று முகங்களோ ஒரே ஒலியன்.

எந்த வேறுபாடு கணக்கில் சேரும், எது சேராது என்பதைக் குழந்தைகள் எப்போது கற்கிறார்கள்? கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் டகரத்தையும் தகரத்தையும் கேட்க வைத்தார்கள். பத்து, பட்டு என்று பிரித்துப் பேசும் நமக்கு அது சாதாரணம். ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டுக்கு வேலை கிடையாது. 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டையும் பிரித்தறிந்தார்கள். 10 முதல் 12 மாதத்தில் மிகச் சிலருக்கே அது முடிந்தது. காது மந்தமாகிவிட்டதா? அப்படியில்லை. தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழியில் எந்த வேறுபாடு எதையாவது மாற்றுகிறது என்று குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது, மாற்றாததைத் தள்ளிவிட்டது.

வராதவர்களைப் பற்றிப் பேசும் வாக்கியங்கள்

சொல்லப்படாத மாற்றுகள் சொல்லப்பட்டதன்மேல் எப்படிச் செல்வாக்குச் செலுத்துகின்றன என்று பார்ப்பதற்குத் தமிழ் ஒரு நல்ல ஜன்னல். 'மாலா வந்தாள்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்தது இவ்வளவுதான். இப்போது இதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவோம்.

'மாலாவும் வந்தாள்.' வேறு யாரோ ஏற்கெனவே வந்திருக்கிறார்கள்.

'மாலாதான் வந்தாள்.' நீங்கள் நினைத்த ஆள் வரவில்லை, அல்லது மற்றவர்கள் வரவில்லை.

'மாலாகூட வந்தாள்.' வரமாட்டாள் என்று எல்லோரும் எண்ணியிருந்த ஆள் அவள்.

'மாலாவாவது வந்தாளே!' வந்திருக்க வேண்டியவர்கள் வரவில்லை, சொல்பவருக்கு அதில் வருத்தம், வந்தவரை வைத்துத் தேற்றிக்கொள்கிறார்.

ஐந்து வாக்கியத்திலும் மாலா செய்த காரியம் ஒன்றே. -உம், -தான், -கூட, -ஆவது எதுவும் அவளைப் பற்றிப் பேசவில்லை. அவளைச் சுற்றியுள்ள காலி இடங்களைப் பற்றிப் பேசுகின்றன. கேட்பவர் மனத்தில் வரக்கூடியவர்களின் ஒரு பட்டியல் இருக்கிறது என்று இந்த ஒட்டுகள் அனுமானித்துக்கொள்கின்றன. அந்தப் பட்டியல் இல்லாத புதியவரிடம் 'மாலாவாவது வந்தாளே' என்று சொன்னால், அவர் 'ஏன், யார் வரவில்லை?' என்றுதான் கேட்பார்.

ஒட்டு எதுவும் இல்லாமலும் இது நடக்கும். 'மாணவர்களில் சிலர் தேர்ச்சி பெற்றார்கள்' என்றால் எல்லோரும் பெறவில்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்த வாக்கியம் அதைச் சொல்லவில்லை. தர்க்கப்படி எல்லோரும் தேறியிருந்தாலும் சிலர் தேறியது உண்மைதானே! ஆனால் 'எல்லோரும்' என்ற சொல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, பேசியவர் அதை எடுக்கவில்லை. எடுக்காததற்குக் காரணம் இருக்கும் என்று கேட்பவர் ஊகிக்கிறார். தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1967-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளில் இந்த வகை ஊகங்களுக்கு ஒழுங்கான விளக்கம் கொடுத்தார்.

மதிப்பெண் அட்டையில் வரும் 'நன்று' என்ற சொல்லுக்கும் இதே விதிதான். 'நன்று, சுமார், மோசம்' என்ற மூன்று படிகளில் அது உச்சி. 'மிகச் சிறப்பு, சிறப்பு, நன்று' என்ற மூன்று படிகளில் அதுவே அடித்தட்டு. சொல் மாறவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் மாறினார்கள்.

ஃபெர்டினான் த சொசூர் என்ற சுவிஸ் மொழியியலாளரின் வகுப்புகளை அவர் இறந்தபின் நூலாகத் தொகுத்து 1916-இல் வெளியிட்டார்கள். அதில் அவர் இதைச் சதுரங்கத்தோடு ஒப்பிடுகிறார். குதிரைக் காய் தொலைந்துவிட்டால் என்ன செய்வோம்? ஒரு சட்டைப் பொத்தானை வைத்துக்கொள்ளலாம். இதுதான் குதிரை என்று இருவரும் ஒத்துக்கொண்டால் ஆட்டத்தில் ஒரு குறையும் வராது. குதிரையைக் குதிரையாக்குவது மரமோ வடிவமோ கிடையாது. மற்றக் காய்கள் போகாதபடி அது போகும் என்ற ஒன்றே போதும். பலகைக்கு வெளியே மேசைமேல் கிடந்தால் அது வெறும் பொத்தான். மொழியில் ஒரு சொல்லின் மதிப்பும் அப்படியே என்பது அவர் வாதம்.

சுருக்கமாக: வேறுபாடு என்பது எதிர்ப்பதங்களின் சண்டை அல்ல. வந்தது எது என்பதோடு, அதே இடத்தில் வந்திருக்கக்கூடியவை எவை என்பதும் சேர்ந்தால்தான் பொருள் முழுமையாகிறது.

வாக்கியம் முடியும்வரை

அந்தச் சதுரங்கத்தையே இன்னும் கொஞ்சம் நீட்டலாம். ஒரே நகர்த்தல் நான்காவது முறையில் வந்தால் ஒரு பொருள், நாற்பதாவதில் வந்தால் வேறு. மாற்றுகள் எவை என்பதே ஆட்டம் போகப் போக மாறிக்கொண்டிருக்கும். காலம் உள்ளே வருவது இப்படித்தான்.

வினையைக் கடைசியில் வைக்கும் மொழி நம்முடையது. 'நான் உன்னை மறக்க' என்று ஒருவர் தொடங்கினால் நமக்கு இன்னும் எதுவும் தெரியாது. 'மாட்டேன்' வரலாம், 'முடியவில்லை' வரலாம், 'விரும்புகிறேன்' வரலாம். அல்லது இதைப் பாருங்கள்: 'அவள் அவனை நெருங்கி, கண்ணோடு கண் பார்த்து, மெல்லச் சிரித்து, கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.' 'சிரித்து' வரை மனத்தில் ஓடிய படம் வேறு. கடைசிச் சொல் தன் பொருளை மட்டும் கொண்டுவரவில்லை, ஏற்கெனவே கடந்துபோன அந்தச் சிரிப்பின் பொருளையும் திரும்பிப் போய் மாற்றிவிட்டது.

இந்த எதிர்பார்ப்பை அளக்கவும் முடியும். 1980-இல் மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் வாக்கியங்களை ஒவ்வொரு சொல்லாகக் காட்டி மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். வாக்கியத்தின் கடைசியில் பொருந்தாத சொல் வந்தால், சுமார் 400 மில்லிவிநாடி கழித்து ஓர் அலை தெளிவாக எழுந்தது. முதலில் பார்த்த பீப் சோதனையின் அண்ணன் என்று இதைச் சொல்லலாம். அங்கே எதிர்பார்ப்பு ஒலியைப் பற்றியது, இங்கே பொருளைப் பற்றியது.

இசையில் இது இன்னும் வெளிப்படை. ஒரு மெட்டை ஆண் குரலிலும் பெண் குரலிலும் வேறு வேறு சுருதியில் பாடினால் அதிர்வெண்கள் ஒன்றுகூடப் பொருந்தாமல் போகலாம். ஆனாலும் அது ஒரே மெட்டு என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆஸ்திரியத் தத்துவ அறிஞர் கிறிஸ்டியன் ஃபான் ஏரென்ஃபெல்ஸ் 1890-இலேயே இதைக் குறிப்பிட்டு, மெட்டு என்பது தனித்தனி ஸ்வரங்களின் கூட்டுத்தொகை அல்ல என்று வாதிட்டார். மாறாமல் இருந்தது ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் தூரமும், அதற்கு எடுத்த நேரமும்தான்.

எதிர்பாராதது எவ்வளவு எதிர்பாராதது என்று கணக்கிட 1948-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் வழி கொடுத்தார். சமமாக வரக்கூடிய இரண்டு மாற்றுகளில் ஒன்று எது என்று தெரிந்துகொண்டால் கிடைக்கும் தகவல் ஒரு பிட். எட்டில் ஒன்று என்றால் மூன்று பிட். இரண்டு பக்கமும் தலை உள்ள நாணயத்தைச் சுண்டினால் பூஜ்யம், ஏனென்றால் விடை முன்பே தெரியும். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வீடியோவும் இந்தக் கருத்தின் மேல்தான் ஓடுகிறது. செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் இருக்கும் சுவரை நொடிக்கு 25 தடவை அனுப்புவதில்லை. எப்போதாவது ஒரு முழுப் படம், நடுவில் உதடும் கையும் எப்படி மாறின என்பது மட்டும்.

வேறுபாடு மட்டும் போதாது

பல விளக்கங்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. அதனால்தான் இரண்டாவது தப்பெண்ணம் இன்னும் உயிரோடு இருக்கிறது. எந்த நிலையமும் கிடைக்காத பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் கொதிக்குமே, நினைவிருக்கிறதா? அங்கே ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியிலிருந்து வேறு, ஒவ்வொரு கணமும் முந்தைய கணத்திலிருந்து வேறு. அடுத்து என்ன என்று ஊகிக்கவே முடியாது. ஷானன் கணக்குப்படி அதில் தகவல் உச்சம். பொருளோ துளியும் இல்லை.

முரண்பாடு மாதிரித் தோன்றும், ஆனால் ஷானன் ஏமாற்றவில்லை. செய்தியின் பொருள் தன் பொறியியல் சிக்கலுக்கு வெளியே இருக்கிறது என்று தன் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். 'தகவல் கோட்பாடு பொருளை அளந்துவிட்டது' என்று பேசுபவர்கள் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விட்டவர்கள்.

அந்தப் புள்ளிகளுக்குப் பொருள் இல்லாததற்குக் காரணம் எளிது. எந்தப் புள்ளி எப்படி மாறினாலும் பார்ப்பவர் செய்யப்போவதில் எதுவும் மாறாது. மானுடவியலாளர் கிரெகரி பேட்சன் 1970-இல் ஓர் உரையில் இதை அடக்கமாகச் சொன்னார்: தகவல் என்பது வேறுபாட்டை உண்டாக்கும் ஒரு வேறுபாடு. இரண்டு முறை வரும் அந்தச் சொல் அலங்காரத்துக்காக வந்ததல்ல. முதல் வேறுபாடு குறியில் இருக்கிறது, இரண்டாவது அதைப் பெறுபவரிடம்.

இரண்டையும் ஒன்றாகப் பார்க்க கென்யாவின் அம்போசெலியில் வாழும் வெர்வெட் குரங்குகளிடம் போகலாம். ராபர்ட் சைஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் மூவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வு இது. சிறுத்தைக்கு ஓர் எச்சரிக்கைக் குரல், கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று. பதிவு செய்த குரல்களை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டியபோது, அக்கம்பக்கத்தில் எந்த விலங்கும் இல்லாமலேயே, சிறுத்தைக் குரலுக்குக் குரங்குகள் மரத்தில் ஏறின, கழுகுக் குரலுக்கு மேலே பார்த்தன அல்லது புதருக்குள் ஓடின, பாம்புக் குரலுக்குத் தரையை உற்றுப் பார்த்தன. குரலில் வேறுபாடு, செயலில் வேறுபாடு. குட்டிகளிடம் இந்தக் கணக்கு இன்னும் தளர்வாக இருக்கிறது. அவை ஆபத்தில்லாத பறவைகளுக்கும், சில சமயம் விழும் இலைக்கும்கூடக் கழுகுக் குரல் கொடுக்கின்றன. வளர வளர அது உண்மையான வேட்டைப் பறவைகளுக்குச் சுருங்குகிறது. தமிழ்க் குழந்தை ககரத்தின் மூன்று முகங்களை ஒன்றாக்கிக்கொள்வதற்கும் இதற்கும் திசைதான் வேறு. இரண்டுமே எந்த வேறுபாட்டுக்கு வேலை உண்டு என்று கற்பதுதான்.

அப்படியானால் எதுவும் நிலையில்லையா?

மூன்றாவது தப்பெண்ணம் இது. பொருள் ஒப்பீட்டில்தான் இருக்கிறது என்றால், நான் நினைத்ததை நினைத்தபடி எதற்கும் பொருளாக வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். மாற்றுகளின் கூட்டம் ஒருவரின் தனிச் சொத்தல்ல என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பொத்தான் குதிரையாக வேண்டுமானால் எதிரே உட்கார்ந்திருப்பவரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

சொற்களின் பொருள் மாறத்தான் செய்கிறது. ஆனால் ஒருவர் விருப்பப்படி மாறுவதில்லை, தனியாகவும் மாறுவதில்லை. மொட்டுக்குள் அடங்கியிருக்கும் மணத்தைத் திருக்குறள் (1274) 'நாற்றம்' என்றே சொல்கிறது. அப்போது அந்தச் சொல் நல்லதுக்கும் கெட்டதுக்கும் பொது. பிறகு மணம், வாசனை போன்ற சொற்கள் நல்ல பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, நாற்றம் மெல்ல மெல்லக் கெட்ட பக்கத்துக்கு ஒதுங்கியது. யாரும் ஆணை போடவில்லை. பக்கத்துச் சொற்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சமிருந்த இடத்தில் அது நின்றது.

பழைய நிலையின் தடயம் இன்றும் 'துர்நாற்றம்' என்ற சொல்லில் இருக்கிறது. நாற்றம் என்றாலே கெட்டது என்றால் முன்னால் 'துர்' எதற்கு? பொதுவான நாற்றத்திலிருந்து கெட்டதைப் பிரித்துக்காட்ட ஒரு காலத்தில் அது தேவைப்பட்டது. இப்போது அந்தப் பிரிவுக்கு வேலையில்லை. அதனால் 'துர்' வெறும் அழுத்தமாகச் சுருங்கி, சாதாரண நாற்றத்தைவிட மோசமான ஒன்றைக் குறிக்கும் வேலைக்கு நகர்ந்துவிட்டது. இன்று ஒருவர் பழைய பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு 'உங்கள் மல்லிகைப் பூ நல்ல நாற்றம்' என்று பாராட்டினால், திருக்குறளை மேற்கோள் காட்டித்தான் தப்பிக்க வேண்டியிருக்கும்.